பாட்டு பங்களாவுக்கு ஆறு இசைத்தட்டுகள்

வெயில் பட்டால் உருகும், கீழே விழுந்தால் உடையும், ஈரம் பட்டால் தோல் உரியும். ரங்கூன் துறைமுகத்தில் ரேச்சல் அம்மாள் இந்த மூன்றையும் விரல் மடக்கிச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தேக்குப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். கப்பல் நகர்ந்த பிறகும் கரையில் நின்று அந்த மூன்று விரல்களையே காட்டிக்கொண்டிருந்தார். கப்பலில் நான் சரியாகத் தூங்கவில்லை. பெட்டியின் கைப்பிடியையும் என் மணிக்கட்டையும் ஒரு கைக்குட்டையால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுப்பேன். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

பெட்டிக்குள் ஆறு இசைத்தட்டுகள் இருந்தன. ரேச்சல் அம்மாளின் அண்ணன் எஸ்ரா ஐயா பாடியவை. கடையில் வாங்குகிற தட்டுகளைப் போன்றவை அல்ல. தகட்டின் மேல் அரக்கு பூசி, பாடப் பாட நேராக அதிலேயே ஊசியால் கீறி எடுத்தவை. வேறு பிரதி கிடையாது. எஸ்ரா ஐயா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரங்கூனில் யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய், வெள்ளிக்கிழமை மாலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பாட்டுகளைச் சேர்ந்து பாட ஆள் இல்லாமல் போய்விட்டது. அப்போதுதான் பம்பாயிலிருந்து வந்த ஓர் உறவினர், ஓசூர்ப் பக்கம் கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு பழைய துரை பங்களாவில் ஹெர்மன் என்பவர் யூதர்களின் பாட்டுகளை எல்லாம் சேர்த்து வைக்கிறார் என்று சொன்னார். தபாலில் அனுப்ப அம்மாளுக்கு மனம் வரவில்லை. நான் அவர்களுடைய மரக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர்கள் வீட்டின் பின்கட்டில்தான் குடியிருந்தேன். தமிழ் தெரிந்தவள். என்னை அனுப்பினார்.

தமிழ் தெரியும், ஆனால் தமிழ் பேசும் ஊர் எதையும் நான் பார்த்ததில்லை. பிறந்தது ரங்கூன். சண்டைக் காலத்தில் எல்லோரோடும் காடு மலை நடந்து இந்தியாவுக்குள் வந்தபோதும் கல்கத்தாவோடு நின்று, சண்டை முடிந்ததும் ரங்கூனுக்கே திரும்பிவிட்டேன். அந்த நடையிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே போனாலும் வெளியேறும் வழி எது என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறும்போது காலை எட்டு மணிதான். அதற்குள் வெயில் சுட்டது. ரங்கூன் வெயிலில் ஈரம் இருக்கும், உடம்பு வேர்க்கும். இங்கே வேர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது. பெட்டியின் மேல் நனைத்த சாக்கைச் சுற்றி, சாக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் மெழுகுத் துணி வைத்திருந்தேன். கால் மணிக்கு ஒரு தடவை கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். சாலையில் எங்கள் பஸ்ஸுக்கு எதிரே சிமெண்டு லாரிகள் வரிசையாக வந்தன. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஆற்றை மறித்து அணை கட்டுகிறார்களாம். பஸ்ஸுக்குள் எல்லோரும் அந்த லாரிகளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சூளகிரிக்கு முன்னால் பஸ் புகை விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் ஆவும், எல்லாரும் எறங்கிக்கோங்க" என்றார். சாலையோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம். ஒருவர் களி உருண்டையையும் கொள்ளுச் சாற்றையும் தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு துண்டு இலையில் வைத்தார். கறுப்பாக, வழவழவென்று இருந்தது. மென்று பார்த்தேன். அவர் சிரித்தார்.

"மெல்லக் கூடாதும்மா. சாறுல தொட்டு அப்பிடியே முழுங்கிடணும்."

முழுங்கினேன். தொண்டையில் சூடாக இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ரங்கூனில் காலையில் மீன் குழம்பில் சேமியா போட்டுச் சாப்பிடுவோம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் பெயர் பாஷா, கெலமங்கலத்தில் புளி வியாபாரம். எல்லோரும் பாஷா பாய் என்று கூப்பிட்டார்கள்.

எதிரே ஒரு சிறு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையில் பிஸ்கட் இருந்தது. ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் கையில் வாங்கியதுதான் தாமதம், அவள் தாய் பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். பிஸ்கட் மண்ணில் விழுந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். தெலுங்கு என்று நினைக்கிறேன். உடனே இன்னொருத்தி கன்னடத்தில் ஏதோ கேட்டாள். மரத்தடி முழுவதும் பேச்சு பரவியது. எல்லாருடைய கண்ணும் என் முகத்தில் ஒரு தடவை, பெட்டியில் ஒரு தடவை போய் வந்தது.

"என்ன சொல்கிறார்கள்?" என்று பாஷா பாயைக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா. புள்ள புடிக்கிறவளான்னு கேக்கறாங்க. அணை நிக்கணும்னா கொழந்தைங்கள காவு குடுக்கணுமாம், அதுக்கு ஆளுங்க வேசம் போட்டுக்கினு திரியறாங்களாம். ஒரு மாசமா ஊரூரா இதே பேச்சு. எல்லாம் புரளி. ஆனா பெத்தவங்களுக்கு பயம் இருக்கும் இல்ல?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மூஞ்சில அது என்னா பூசியிருக்க?" என்றார்.

தனக்கா. எங்கள் ஊரில் பெண்கள் எல்லோரும் மரப்பட்டையை உரசிக் கன்னத்தில் பூசிக்கொள்வோம், வெயிலுக்குக் குளிர்ச்சி. நான் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். துடைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துடைத்தது இன்னும் மோசமாகப் போய்விட்டது என்று தோன்றியது.

நான் போகவேண்டிய இடத்தைச் சொன்னதும் பாஷா பாய் நிமிர்ந்தார். "பாட்டு பங்களாவுக்கா? அந்தத் தொரைக்கு மளிகை நான்தான் போடறேன். வா, நானே கொண்டு விடறேன்." அதற்குப் பிறகு பஸ் ஓசூர் போய்ச் சேரும்வரை அவர் எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி ஓசூரில் அவருடைய தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் வியாழக்கிழமை. கெலமங்கலம்வரை பஸ், அதற்கு மேல் மாட்டு வண்டி. வண்டி குலுங்கக் குலுங்கப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ராகி அறுத்த தாள், பாறை, புளிய மரம். வழியில் எதிர்ப்பட்ட பெண்கள் வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே போனார்கள். அது எனக்காகத்தானா, தற்செயலா என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

பங்களா ஒரு கரட்டு மேட்டில் இருந்தது. கும்பினி காலத்தில் யாரோ ஒரு துரை கட்டியது. ஒரு மூலையில் வட்டக் கோபுரம், பெரிய வளைவுகள், தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல். சுண்ணாம்பு உதிர்ந்திருந்தாலும் உள்ளே கூடம் பளபளவென்று இருந்தது. நடுவில் ஒரு பியானோ, சுவரெல்லாம் அலமாரி. அலமாரிகளில் பாட்டெழுதிய நோட்டுகள், தட்டுகள், டேப் சுருள்கள். கொச்சி யூதர்களின் கல்யாணப் பாட்டு ஒரு தட்டு, பம்பாய்க்காரர்களுடையது ஒன்று, பாக்தாத்திலிருந்து வந்தவர்களுடையது ஒன்று என்று பெயர் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து இருபது முப்பது பேர் வந்து இங்கே பாடுவார்களாம், பேசுவார்களாம், பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்களாம்.

ஹெர்மன் ஐயா மெலிந்து, உயரமாக, மூக்கின் நுனியில் கண்ணாடியோடு இருந்தார். வியன்னாவில் இசைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். அங்கிருந்து தப்பி வந்ததை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. "நாங்கள் இரண்டு பேரும், ஒரு பெட்டி நோட்டும்" என்றார், அவ்வளவுதான். அவர் மனைவி மார்த்தா அதிகம் பேசமாட்டார். சமையல்காரி முனிரத்னம்மா மட்டும் அந்த வீட்டில் சத்தமாகப் பேசுவாள், பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

பெட்டியைத் திறந்து ஆறு தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் ஹெர்மன் ஐயா. ஒரு கீறல் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. முதல் தட்டைக் கிராமபோனில் வைத்தார். கரகரவென்று சத்தம், பிறகு எஸ்ரா ஐயாவின் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேசையில் மோதிர விரலால் அவர் தட்டுவதுகூடக் கேட்டது. பாட்டு முடிந்ததும் ஹெர்மன் ஐயா ஊசியைத் தூக்கினார். "ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது. ஊசி பட்டுப் பட்டு அழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் தருகிற எஞ்சினுக்கு எண்ணெய் வந்ததும் எல்லாவற்றையும் டேப்பில் ஏற்றிவிடுகிறேன்" என்றார். தட்டுகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின. மூன்றே நாள் என்று நினைத்தேன்.

சாப்பிடும்போது, வழியில் நடந்த பிஸ்கட் கதையை வேடிக்கை போலச் சொன்னேன். நாங்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. மார்த்தா கையிலிருந்த கரண்டியை மெல்ல மேசையில் வைத்தார்.

"இங்கேயும் வந்துவிட்டதா?" என்று கணவரைப் பார்த்துக் கேட்டார்.

ஹெர்மன் ஐயா என்னிடம் திரும்பினார். "எங்கள் பண்டிகை ரொட்டியில் குழந்தை ரத்தம் கலக்கிறோம் என்று எங்கள் நாட்டில் சொல்வார்கள். எங்கேயாவது ஒரு பிள்ளை காணாமல் போகவேண்டியதுதான், உடனே எங்கள் தெருவுக்கு வருவார்கள். மார்த்தாவின் தாத்தா கடையை அப்படித்தான் கொளுத்தினார்கள்." பிறகு, "இங்கே எங்களை அப்படிச் சொல்லவில்லை, வேறு யாரையோ சொல்கிறார்கள்" என்று சேர்த்துக்கொண்டார். அதை மனைவிக்காகச் சொன்னாரா, தனக்காகவா என்று தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கெலமங்கலத்தில் அன்று சந்தை. காலையில் ஒன்றும் இல்லை. முனிரத்னம்மா மாவைப் பின்னல் போல முறுக்கி ரொட்டி சுட்டாள், வீடு முழுவதும் வாசனை. மத்தியானம் மூன்று மணி இருக்கும். பாஷா பாய் வண்டி இல்லாமல் ஓடி வந்தார். வேட்டியெல்லாம் புழுதி.

"கதவ சாத்துங்க! சந்தையில கெம்பம்மா பொண்ணு காணோம். ஆறு வயசு. காலையிலேர்ந்து தேடறாங்க. நேத்து ஒரு வெளியூர்க்காரி பெட்டியோட பங்களாவுக்குப் போனாளேன்னு எவனோ சொல்லிட்டான். ஊரே கெளம்பி வருது."

அவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மார்த்தா எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தத் தொடங்கினார். வேகமாக, சத்தமே இல்லாமல், இதைப் பல தடவை செய்து பழகியவரைப் போல. ஹெர்மன் ஐயா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கோட்டும் டையும் போட்டிருந்தார், அந்த வெயிலில். கூடத்தில் கதவைப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இது எதற்கு?" என்றேன்.

"போன தடவை, வியன்னாவில், வெறும் சட்டையோடு இழுத்துக்கொண்டு போனார்கள்" என்றார்.

கரட்டுப் பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் யாரும் கத்தவில்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். நூறு பேருக்கு மேல் இருக்கும். முன்னால் ஒரு பெண், தலை அவிழ்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். அவள்தான் கெம்பம்மாவாக இருக்கவேண்டும். பாஷா பாய் வாசலில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"இங்க கொழந்த இல்ல! அல்லா மேல ஆணை, நான் பாத்துட்டேன், இல்ல!"

"நீ அவனுங்களுக்கு மளிகை போடறவன், அப்பிடித்தான் சொல்லுவ!" என்று யாரோ கத்தினார்கள்.

எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது, பெட்டியை ஒளித்துவிட வேண்டும். பின்கதவு எங்கே என்று வந்த அன்றே பார்த்து வைத்திருந்தேன். பெட்டியை அணைத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன். அதைவிட முட்டாள்தனம் வேறில்லை. பின்னாலும் ஆட்கள் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

"அதோ! பெட்டிய எடுத்துக்கினு ஓடறா!"

என்னைச் சுற்றி நின்றார்கள். வேர்வையும் புழுதியுமாக வாடை அடித்தது. ஒவ்வொரு முகத்திலும் கோபத்துக்கு அடியில் பயம் இருந்ததை இப்போது நினைத்துப் பார்த்தால் தெரிகிறது. அப்போது தெரியவில்லை. மீசை வைத்த ஒருவர் பெட்டியைப் பிடித்தார்.

"தெற!"

"பாட்டுங்க! உள்ள பாட்டுதான் இருக்கு! நானே திறந்து காட்டறேன், மெதுவா…"

"பெட்டிக்குள்ள பாட்டா?" அவர் இழுத்தார். நான் பிடித்திருந்தேன். இன்னும் பிடித்திருக்க முடியும், அது எனக்கு நன்றாகத் தெரியும். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. அவ்வளவுதான். நான் கையை விட்டுவிட்டேன்.

மீசைக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. பெட்டி அவர் பிடியிலிருந்தும் நழுவி, கிணற்றடிக் கல்லின் மேல் மூலை குத்தி விழுந்தது. மூடி பிளந்து தட்டுகள் சிதறின. ஒன்று உருண்டு போய் ஒருவர் காலடியில் படுத்தது. அவர் பாம்பைக் கண்டதைப் போலப் பின்னால் குதித்தார். வேறு ஒன்றும் பெட்டியில் இல்லை. எல்லோரும் அந்தக் கறுப்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப வூட்டுக்குள்ளதான் இருக்குது கொழந்த" என்று ஒரு குரல் தொடங்கியது. கூட்டம் வாசல் பக்கம் திரும்பியது. முன்கதவு திறந்திருந்தது. ஹெர்மன் ஐயா கோட்டு டையோடு வாசற்படியில் வந்து நின்றிருந்தார். அவருக்குத் தெரிந்த நாலைந்து தமிழ் வார்த்தைகளை வைத்துக்கொண்டு, "வாங்க. பாருங்க. எல்லா ரூமும் பாருங்க" என்றார். ஒரு கையால் கதவை அகலத் திறந்து பிடித்தார். ஏழெட்டுப் பேர் உள்ளே போனார்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரியில், பியானோ மூடியைத் திறந்து, எல்லாம் பார்த்தார்கள். யாரோ கை பட்டு பியானோ ஒரு தடவை டங்கென்று ஒலித்தது. உள்ளே மார்த்தா கத்தினார். நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

அப்போதுதான் கீழே சைக்கிள் மணி கேட்டது. ஊர் மணியக்காரர் மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க வந்தார்.

"ஏய், எல்லாரும் எறங்குங்கடா கீழ! பொண்ணு கெடச்சுட்டா! புளி வண்டியில ஏறித் தூங்கிட்டிருக்கா. வண்டிக்காரன் பாக்காம உத்தனப்பள்ளி வரைக்கும் போயிட்டான். இப்பதான் ஆள் அனுப்பியிருக்கான்."

கெம்பம்மா தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். கூட்டம் கலைந்தது. வந்ததைவிட வேகமாகப் போனார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். மீசைக்காரர் மட்டும் கொஞ்சம் நின்று, ஒரு தட்டுத் துண்டைக் குனிந்து எடுத்து, என் பக்கத்தில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

ஆறில் நான்கு உடைந்துவிட்டன. முதல் தட்டும் ஐந்தாவதும் மட்டும் பிழைத்தன. ஹெர்மன் ஐயா உடைந்தவற்றை ஒரு துணியில் பொறுக்கி வைத்தார். பொழுது சாயும் நேரத்தில், அவர்களுடைய ஓய்வு நாள் தொடங்குகிறது என்று, மார்த்தா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். மூன்று தீக்குச்சி அணைந்து நான்காவதில்தான் பற்றியது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் பாடுவார்களாம். அன்று யாரும் பாடவில்லை. ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுத் தின்றோம். ரேச்சல் அம்மாளிடம் என்ன சொல்வது? கூட்டம் பிடுங்கி உடைத்துவிட்டது என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

சனிக்கிழமை காலை வாசலில் கெம்பம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் காணாமல் போயிருந்த அவள் பெண், தலையில் எண்ணெய் வழிய வழியச் சீவி, பொட்டு வைத்து. கெம்பம்மா ஒரு முறத்தில் மாங்காயும் ராகி மாவும் கொண்டு வந்திருந்தாள். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. முறத்தைப் படியில் வைத்துவிட்டு, வெகு நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒடஞ்சது என்னாது?" என்று கேட்டாள் கடைசியில்.

"பாட்டு. ஒருத்தர் பாடினதை அதுல பதிச்சு வெச்சிருந்தாங்க."

"அவரையே இன்னொருக்கா பாடச் சொல்லலாம் இல்ல?"

"அவர் செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் பெண்ணின் தோளைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். "நீ கேட்டிருக்கியா அந்தப் பாட்ட?"

"வாரா வாரம் கேட்டிருக்கேன். ஏழெட்டு வருஷமா."

"அப்ப நீ பாடு" என்றாள் கெம்பம்மா.

எனக்குக் கோபம் வந்தது. நான் பாடுகிறவள் இல்லை. அந்த மொழி எனக்குத் தெரியாது, ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது மேல் மாடியிலிருந்து காதில் விழுந்தது, அவ்வளவுதான். இதை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவள், புரிந்ததோ இல்லையோ, தலையாட்டிவிட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆனால் ஹெர்மன் ஐயா எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார்.

"இன்று எங்கள் ஓய்வு நாள். எழுதக்கூடாது, எந்திரம் போடக்கூடாது" என்றார். "ஆனால் கேட்கலாம்."

"எனக்குத் தெரியாது ஐயா. தப்பாகப் பாடிவிட்டால்?"

"வார்த்தையை விடுங்கள். அவர் எங்கே மூச்சு விடுவார், அதைச் சொல்லுங்கள்."

அது எனக்குத் தெரியும். இரண்டாவது பாட்டில் மூன்றாம் வரி முடிவதற்கு முன்னால் எஸ்ரா ஐயா ஒரு தடவை இருமுவது போல மூச்சு எடுப்பார். அந்த மூச்சை எடுத்துக் காட்டினேன். அது வந்ததும் அதற்கு அடுத்த வார்த்தை தானாக வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அதற்கு அடுத்தது. என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. மார்த்தா கூடத்து வாசலில் வந்து நின்றார். நான் நிறுத்தியபோது, "மேலே" என்று கையால் சொன்னார்.

அன்று முழுவதும் பாடிப் பாடிப் பார்த்தேன். ஒரு பாட்டு முழுசாக வந்தது, இரண்டு முக்கால்வாசி, ஒன்று பாதியில் நின்றது. ராத்திரி படுத்ததும் காலைக்குள் எல்லாம் மறந்துவிடுமோ என்று பயம். உதட்டை அசைத்துக்கொண்டே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஷா பாய் எண்ணெய் டின்னோடு வந்தார். கொட்டகையில் எஞ்சின் ஓடியது, டேப் சுற்றியது. கூட்டத்துச் சேதி பெங்களூருக்கு எட்டிவிட்டதோ என்னவோ, அன்று ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது கிணற்றடியில் பட்ட பயத்தைவிட அதிகமாகப் பயந்தேன். நான் தப்பாகப் பாடினால் அந்தத் தப்புதான் இனி எஸ்ரா ஐயா பாடியதாக இருக்கும். கேட்டுத் திருத்த அவர் வரமாட்டார். ஹெர்மன் ஐயா கையைத் தூக்கினார். பாடினேன். முடிந்ததும் வந்திருந்த ஒரு கிழவர், "எந்த ஊர் யூதப் பெண்?" என்று பக்கத்தில் கேட்டார். டைப்பிஸ்ட் என்று பதில் சொன்னார்கள்.

கிளம்பும்போது, "இங்கேயே இருக்கப் போகிறீர்களா?" என்று மார்த்தாவைக் கேட்டேன். "வேறு எங்கே போவது என்று நேற்றிரவு யோசித்தோம்" என்றார். "ஒரு ஊரும் கிடைக்கவில்லை. இங்கே குறைந்தபட்சம் மறுநாள் காலையில் ஒருத்தி மாங்காய் கொண்டு வந்தாள்."

திரும்பும் வழியில் கிருஷ்ணகிரியில் ஒரு மாலை தங்க வேண்டியிருந்தது. ஏதோ கோயில் ஊர்வலம். தெருவில் ஒரே சமயத்தில் நிறையச் செருப்புச் சத்தம் கேட்டது. மேளம் கேட்பதற்கு முன்னால் நான் அறைக் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ரங்கூனில் ரேச்சல் அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் எதையும் மறைக்கவில்லை. பிடித்திருக்க முடியும், பயத்தில் விட்டுவிட்டேன் என்றே சொன்னேன். அவர் தெருவில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா போவதைப் பார்த்தார்.

"என்ன பாடினாய் அங்கே? பாடு" என்றார்.

உடைந்த மூன்றாவது தட்டில் இருந்த பாட்டைப் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓர் இடத்தில் சட்டென்று கையைத் தூக்கினார்.

"அங்கே தப்பு."

அந்தத் தப்பு கெலமங்கலத்து அலமாரியில் டேப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

"அந்த வார்த்தை அப்படி இல்லை" என்றார் அம்மாள். "எஸ்ரா சின்ன வயதிலிருந்தே அதைத் தப்பாகத்தான் சொல்வான். அப்பா எத்தனையோ தடவை அடித்துத் திருத்திப் பார்த்தார். அவன் திருந்தவே இல்லை." அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை பாடு, பங்கஜம். அந்த இடத்தைத் திருத்திவிடாதே."